கல் தூசு: நுரையீரலைக் காப்பாற்றிக்கொண்டு வேலை பார்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் புதுக் காண்டோவின் சாவி கைக்கு வந்ததும் பலரும் முதலில் கைவைப்பது சமையலறையில்தான். கேபினட் அடித்து, அதன் மேல் பளபளவென்று ஒரு குவார்ட்ஸ் டாப். வீட்டுக்காரர் நிறத்தைப் பார்ப்பார், தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, விலையைப் பார்ப்பார். அந்தப் பலகையில் சிங்க்குக்கு ஓட்டை போடும் பையன் வெள்ளைப் புகைக்குள் குந்தியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் புகையில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது கல்லிலும் மணலிலும் இருக்கும் கனிமம்.

கல் பட்டறையில் இருப்பவர்கள், டைல்ஸ் ஒட்டுபவர்கள், சுவரையும் தரையையும் உடைக்கும் ஹேக்கிங் ஆட்கள், வயரிங்குக்காகச் சுவரில் காடி வெட்டுபவர்கள், கோயில் திருப்பணிக்குக் கருங்கல் செதுக்க வருபவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். இரண்டு மூன்று ஆள் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ரெனோவேஷன் எடுத்துச் செய்யும் நம் ஆட்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே முதலாளியும் அவர்தான், தூசைத் தின்பதும் அவர்தான்.

பல இடங்களில் பாதுகாப்பு என்றாலே ஒரு மாஸ்க் என்று ஆகிவிட்டது. தூசு கிளம்பாமல் தடுப்பது முதல் வேலை; மாஸ்க் வருவது அதற்கெல்லாம் பிறகு. இங்கேயும் அது ஆறாவது படியில்தான் வருகிறது. அவசரம் என்று நேராக அங்கே தாவிவிடாதீர்கள்.

முதல் படி: அறுக்கப்போவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாத் தூசும் ஒன்றில்லை. மார்பிளிலும் சுண்ணாம்புக்கல்லிலும் சிலிக்கா பொதுவாக 2 சதவீதத்துக்குள் இருக்கும். பத்துமலையே சுண்ணாம்புக்கல்தான். கிரானைட்டில் 20 முதல் 45 சதவீதம். டைல்ஸில் 30 முதல் 45. செங்கல்லில் 30 வரை. கான்கிரீட், சிமெண்டுப் பூச்சில் கலந்த மணலைப் பொறுத்து 25 முதல் 70 வரை போகும். குவார்ட்ஸ் டாப் என்று கடையில் விற்பது குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, பிசின் ஊற்றி அழுத்தி வார்த்த பலகை. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம்.

அதாவது, பத்து வருடமாகக் கிரானைட் அறுத்தும் ஒன்றும் ஆகாதவர் குவார்ட்ஸுக்கு மாறிவிட்டு, 'எனக்குப் பழகிப்போச்சு' என்று சொன்னால், அந்தப் பழக்கம் வேறு சரக்கில் வந்தது. ஆஸ்திரேலியாவில் முப்பது வயதுக்காரர்கள்கூட இந்தப் பலகையை அறுத்து நோயாளியானார்கள். கடைசியில் அந்த நாடு 2024 ஜூலை 1 முதல் அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. மலேசியாவில் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது சப்ளையரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள், எஸ்.டி.எஸ். என்பார்கள், அதைக் கேளுங்கள். சிலிக்கா எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். சிலிக்காவைக் குறைத்துச் செய்யும் பலகைகளும் இப்போது சந்தையில் உண்டு. விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, இந்தத் தூசு உள்ளே போய் என்ன செய்கிறது? கண்ணுக்குத் தெரியும் தூளில் பெரும்பாலானது மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வெளியே வந்துவிடும். கெடுதல் செய்வது 10 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள். அது நுரையீரலின் காற்றறை வரைக்கும் போகும். அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. கரைக்க முடியாமல் அவையே செத்துப்போகின்றன, விழுங்கிய துகள் மறுபடி வெளியே வருகிறது, இன்னொரு செல் அதை விழுங்குகிறது. இப்படியே அந்த இடம் புண்ணாகித் தழும்பாகிவிடும். தழும்பு விழுந்த இடம் விரியாது, காற்று வாங்காது. இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை அழிக்க மருந்தில்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம்.

வழக்கமாக 10 வருடத்துக்கு மேல் தூசில் இருந்தவர்களுக்கு வரும். தூசு அதிகமென்றால் 5 முதல் 10 வருடத்திலேயே வரும். மிக அதிகமென்றால் சில மாதங்களில்கூட வந்திருக்கிறது. கூடவே காசநோய் தொற்றும் வாய்ப்பு ஏறுகிறது, சிறுநீரகமும் மூட்டும் பாதிக்கப்படலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே சிலிக்காத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு தூசு அதிகம் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 2016இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம். வேலை செய்யும் ஆள் ஒரு ஷிஃப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வையுங்கள். மொத்தம் அரை மில்லிகிராம். தூள் உப்பில் பத்துப் பரல்கூட அந்த எடைக்கு வேண்டாம். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான் வரம்பு. ஒரு சிங்க் ஓட்டையைத் தண்ணீரில்லாமல் அறுத்தால் பறக்கும் தூசோடு ஒப்பிட்டால் அந்த அளவு ஒன்றுமேயில்லை.

வெல்லம் சாப்பிட்டால், வாழைப்பழம் சாப்பிட்டால், பால் குடித்தால் தூசு இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் அது போகும் வழி வேறு, தூசு போகும் வழி வேறு. வயிற்றுக்குப் போவது நுரையீரலைக் கழுவாது.

உங்கள் இடத்தில் எவ்வளவு பறக்கிறது என்று பார்க்கக் காசில்லாத ஒரு வழி உண்டு. விளக்கை அணைத்து, வேலை நடக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பலமான டார்ச்சை உங்கள் பக்கம் பார்க்கிற மாதிரி வையுங்கள். கண் நேராகக் கூசாதபடி ஒரு அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அந்த ஒளிக்கற்றையைப் பாருங்கள். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்த காற்றில் துகள்கள் மின்னும். கிரைண்டரை நிறுத்தியும் வெகுநேரம் அவை மிதந்துகொண்டே இருக்கும். முகத்துக்கு நேராக எழும்புகிறதா, பக்கத்தில் டீ குடிப்பவர் மேல் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். அளந்து சொல்வதற்கு நிபுணர் வேண்டும். தவுக்கேயை நம்ப வைக்க இந்த டார்ச் போதும்.

இரண்டாம் படி: அறுப்பதையே குறையுங்கள்

தூசில்லாத வேலை என்றால் செய்யாத வேலைதான். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே பாதி வெட்டுகளைத் தவிர்க்கலாம். சிங்க், ஹாப் (பதித்து வைக்கும் அடுப்பு) அளவை முன்கூட்டியே எடுத்துப் பட்டறையிலேயே ஈர மெஷினில் ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள். 'சைட்டில் பார்த்துக்கலாம்' என்ற ஒரு வார்த்தையில்தான் பல நுரையீரல் கெடுகிறது. வயரிங்குக்குக் காடி வெட்டும் வேலையைப் பூச்சுக்கு முன்பே திட்டமிடுங்கள், அல்லது வீட்டுக்காரர் சம்மதித்தால் சுவர் மேலேயே டிரங்கிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டுங்கள். டைல்ஸ் வெட்டக் கிரைண்டரை எடுப்பதற்குமுன், கீறி உடைக்கும் கை கட்டர் போதுமா என்று பாருங்கள். நேர்வெட்டுக்கு அது போதும், தூசும் கிட்டத்தட்ட இல்லை.

மூன்றாம் படி: தண்ணீர்

செலவு குறைவு, பலன் அதிகம். என்னைக் கேட்டால், விலையுள்ள மாஸ்க் வாங்குவதற்கு முன்பே தண்ணீர்க் குழாய் பொருத்திய கிரைண்டர் ஒன்றை வாங்கிவிடுவேன்.

தண்ணீர் பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் விழ வேண்டும். உதவியாள் பக்கத்தில் நின்று மினரல் வாட்டர் பாட்டிலின் மூடியில் துளை போட்டுப் பீய்ச்சுவதைப் பல சைட்டுகளில் பார்க்கலாம். பிளேடு சூடாகாமல் இருக்க அது உதவும், தூசுக்குப் போதாது. கை மறந்த நொடியில் வெள்ளைப் புகை கிளம்பிவிடும். அந்த உதவியாளோ மாஸ்க்கும் இல்லாமல் பிளேடுக்கு இன்னும் பக்கத்தில் நிற்பார். கையில் பிடிக்கும் அறுவை மெஷினுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஓட வேண்டும் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு. ஒரு சின்ன பம்ப் டாங்கிலேயே அது கிடைக்கும். வேலை தொடங்கும்முன் தண்ணீரைத் திறந்து, ஓட்டம் வருவதைப் பார்த்த பிறகு ஸ்விட்சை அழுத்துங்கள்.

தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால் பயம் வருவது நியாயம். ஈர வேலைக்கென்று செய்த மெஷினை மட்டும் எடுங்கள். சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. இல்லாத லைனில் சொருகாதீர்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பட்டறையில் கம்பிரஸர் இருந்தால், பாலிஷுக்குக் காற்றில் ஓடும் மெஷின் இன்னும் நல்லது.

தண்ணீர் வைத்த பிறகு வரும் தவறுகள் இரண்டு. ஒன்று, சேறு. ஈரமாக இருக்கும்வரை அது சாது. காய்ந்துவிட்டால் மறுபடி அதே தூசுதான், அதுவும் நடக்கும்போதெல்லாம் கிளம்பும். ஷிஃப்ட் முடியும்முன் ஈரத்தோடு தள்ளி, பையில் கட்டிவிடுங்கள். லாங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், காண்டோவை நிர்வகிக்கும் எம்.சி. ஆபீஸிலிருந்து புகாரும் வரும். இரண்டாவது, ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. பால் மாதிரி வெளுத்த தண்ணீரில் நுண்துகள் நிறைந்திருக்கும், பிளேடு அதைச் சாரலாக முகத்துக்கே அடிக்கும். தொட்டியில் படிய விட்டுத் தெளிந்ததை எடுங்கள், அடிக்கடி மாற்றுங்கள். குவார்ட்ஸ் டாப் என்றால் தண்ணீர் இருந்தாலும் மாஸ்க் கட்டாயம்.

நான்காம் படி: உறிஞ்சுதல்

ஆள் குடியிருக்கும் வீட்டில், மரத்தரை போட்ட அறையில், தண்ணீர் விட முடியாது. அங்கே கிரைண்டரைச் சுற்றி ஒரு மூடி, அதிலிருந்து குழாய் வழியாக, நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள தொழிற்சாலை வேக்குவம். அமெரிக்க விதியின் கணக்குப்படி, வட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்றை இழுக்க வேண்டும். நம் 4 அங்குலக் கிரைண்டருக்கு 100. வீட்டு வேக்குவம் இதற்கு ஆகாது. நுண்துகளை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதிவிடும்.

மூடி சுவரோடு ஒட்டியிருக்கும்வரைதான் பலன். மூலையில் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு வெட்டினால் வேக்குவம் சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். பையை நிரம்பி வழியும்வரை விடாதீர்கள். மாற்றும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பைக்குள் இருப்பதுதான் அன்றைய மொத்தச் சிலிக்கா.

அப்புறம் ஸ்டாண்ட் ஃபேன். நம் ஊர் வெயிலில் ஃபேன் இல்லாமல் முடியாதுதான். ஆனால் வேலை செய்பவரின் முதுகுப் பக்கம் வைத்தால், உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று தூசை மூக்குக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் வைத்து, ஆள் இல்லாத, திறந்த பக்கம் போகும்படி திருப்புங்கள். பட்டறையில் நிரந்தர உறிஞ்சு குழாய் இருந்தால், மலேசிய விதிப்படி மாதம் ஒருமுறை பார்த்து, 12 மாதத்துக்குள் ஒருமுறை பதிவுபெற்ற தொழில்நுட்பரை வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கூட்டுவதும் வீட்டுக்குப் போவதும்

துடைப்பத்தால் காய்ந்த தூசைக் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்தோ ஹெப்பா வேக்குவத்தாலோ எடுங்கள். மாலை ஐந்து மணிக்கு வரிசையாக நின்று கம்பிரஸர் ஹோஸால் சட்டையை ஊதிக்கொள்வது நம் பட்டறைகளின் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. அதை இன்றோடு நிறுத்துங்கள். நாள் முழுக்கப் படிந்ததை ஒரே நிமிடத்தில் மூஞ்சிக்கு நேராகக் கிளப்புகிற வேலை அது.

வேலைச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். பட்டறையிலேயே மாற்றி, பையில் கட்டி எடுத்துப்போய், உதறாமல், மற்ற துணியோடு சேர்க்காமல் துவைக்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று படபடவென்று உதறும் அம்மாவோ மனைவியோ கல்லைத் தொட்டதேயில்லை, ஆனால் தூசு அவர்களுக்கும் போகிறது. வேலை நடக்கும் இடத்தில் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள், சிகரெட் பற்ற வைக்காதீர்கள்.

ஆறாம் படி: மாஸ்க்

சர்ஜிக்கல் மாஸ்க், துணி மாஸ்க், கழுத்துத் துண்டு எதுவும் உதவாது. குறைந்தது என்95. அது முகத்தில் சரியாக உட்கார்ந்தால் உள்ளே போகும் தூசு பத்தில் ஒரு பங்காகும். உட்காராவிட்டால் அந்தக் கணக்கு இல்லை. தினமும் மணிக்கணக்கில் அறுப்பவருக்கு, ஃபில்டர் மாற்றும் ரப்பர் அரைமுக மாஸ்க் வசதி. வியர்வையில் நனைந்து தளராது, நாளடைவில் செலவும் குறையும்.

போடும் முறை: மேல் வார் உச்சந்தலைக்குப் பின்னே, கீழ் வார் காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டால் கன்னத்தில் இடைவெளி விழும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டு போங்கள். பிறகு இரு கையாலும் மாஸ்க்கை மூடி ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று அடித்தால் மறுபடி சரிசெய்யுங்கள். ஒவ்வொரு தடவை போடும்போதும் இது வேண்டும். கசப்பு மருந்தைத் தெளித்து, சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையை வருடம் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். நண்பருக்குப் பொருந்திய அளவு உங்களுக்குப் பொருந்தாது.

தாடி இருந்தால் இந்த மாஸ்க் எதுவும் ஒட்டாது. இரண்டு நாள் முள்தாடிகூட கசியவிடும். தைப்பூசத்துக்கு நேர்ந்துகொண்டவர்களிடமும் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களிடமும் 'ஷேவ் பண்ணு' என்று சொல்வதில் பயனில்லை. அவர்களுக்குத் தலையோடு மூடும், பேட்டரி விசிறியால் சுத்தக் காற்று ஊதும் ஹூட் இருக்கிறது. விலை அதிகம்தான். வாங்க முடியாத பட்டறை, விரதம் முடியும்வரை அவரை அளவெடுக்கவும் லாரி ஓட்டவும் அனுப்பலாம். இரண்டும் இல்லாமல் கிரைண்டரைக் கையில் கொடுப்பது சரியில்லை.

மாஸ்க்கைப் பட்டறைச் சுவர் ஆணியில் தொங்கவிடாதீர்கள். உட்புறத்தில் தூசு படிந்து, மறுநாள் அதையே முதல் மூச்சில் இழுப்பீர்கள். மூடியுள்ள ஒரு டப்பா போதும்.

ஏழாம் படி: பரிசோதனை

தொடக்கத்தில் இந்த நோய்க்கு அறிகுறியே இருக்காது. இருமல் வந்து, ஃபிளாட்டில் லிஃப்ட் கெட்ட அன்று மூன்று மாடி ஏற மூச்சு வாங்கும்போது தழும்பு நன்றாகவே விழுந்திருக்கும். வேலையில் சேரும்போதே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை, பிறகு 12 மாதத்துக்குள் மறுபடி ஒன்று. பதிவுபெற்ற தொழில்நல மருத்துவரிடம் செய்ய வேண்டிய இதன் செலவு முதலாளியுடையது. குவார்ட்ஸ் டாப் அறுத்தவர்களின் நோயை எக்ஸ்ரே தவறவிடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதனால்தான் சி.டி. ஸ்கேனுக்குப் போனார்கள். மூச்சுத் திணறல் இருந்தும் எக்ஸ்ரே சுத்தம் என்றால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஃபொமெமாவில் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடக்கூடாது. அது வேலை பெர்மிட்டுக்கான சோதனை.

எந்த கிளினிக் போனாலும் என்ன வேலை என்று நீங்களே சொல்லுங்கள். 'ரெனோவேஷன்' என்றால் டாக்டருக்கு எதுவும் புரியாது. 'ஆறு வருடமாகக் கிரைண்டரில் குவார்ட்ஸ் கல் அறுக்கிறேன்' என்றால் உடனே புரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகரெட்டை விடுங்கள், கெட்டுப்போகும் நுரையீரலுக்கு அது இரண்டாவது அடி.

எட்டாம் படி: தாள்கள்

நோய் பத்து வருடம் கழித்து வரும்போது, வேலை பார்த்த பட்டறை மூடியிருக்கலாம், தவுக்கே மாறியிருக்கலாம். ஒரு நோட்டு வையுங்கள்: எந்த வருடம், எந்த இடம், யாரிடம், என்ன கல், தண்ணீர் இருந்ததா, மாஸ்க் கொடுத்தார்களா. சம்பளச் சீட்டையும் எக்ஸ்ரே நகலையும் போட்டோ எடுத்து போனில் மட்டும் வைக்காமல் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

முதலாளி தரப்பில், 2000ஆம் ஆண்டின் ரசாயன விதிமுறைப்படி பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு ஆபத்து மதிப்பீடு செய்திருக்க வேண்டும். அந்த அறிக்கையில் உங்கள் வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 1994 தொழில் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் கிட்டத்தட்ட எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. ஐந்து பேர் இருந்தாலே ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். உடனடி ஆபத்தை முதலாளி சரிசெய்யாவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையும் அதில் இருக்கிறது. ஆனால் சிலிக்கா மெல்ல மெல்லக் கெடுப்பது. 'உடனடி' என்ற சொல்லை மட்டும் நம்பி நிற்பதைவிட, மதிப்பீட்டு அறிக்கையையும் தண்ணீர் வசதியையும் எழுத்தில் கேட்பது பலமானது. வாட்ஸ்அப்பில் கேட்டாலும் எழுத்துதான். அதற்கும் அசையாவிட்டால் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபியிடம் புகார் கொடுக்கலாம்.

நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், முதலில் தூசுள்ள வேலையிலிருந்து வெளியே வாருங்கள். மருத்துவக் காரணத்தால் அப்படி மாற்றுவதற்கும் அந்த 2000ஆம் ஆண்டு ரசாயன விதிமுறையில் இடம் இருக்கிறது. அடுத்தது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். சிலிக்கோசிஸ் 1969 சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் அடங்கும், அதனால் வேலைவிபத்துத் திட்டத்தில் கோரலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் 2019 ஜனவரி 1 முதல் இந்தத் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கு முதலாளி என்று யாரும் சந்தா கட்டமாட்டார்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் நீங்களே பதிந்து கட்ட வேண்டும், அதையும் நோய் வருவதற்கு முன்பே. அடுத்த வேலைக்குக் கொட்டேஷன் எழுதும்போது தண்ணீர்க் கிரைண்டர், ஹெப்பா பை, மாஸ்க், இந்தச் சந்தா நான்கையும் தனி வரியாகப் போட்டுவிடுங்கள். கேபினட் கைப்பிடிக்குக் கொடுக்கிற வீட்டுக்காரர் இதற்கும் கொடுப்பார். கொடுக்காவிட்டால், எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறார் என்றாவது தெரியும்.